சொல்லாததைக் கேட்கும் கருவி



வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ போன் செய்தால் முதலில் ஒரு பதிவுக் குரல் வரும். நம் அழைப்பு தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படலாம் என்று அது சொல்லும். நம்மில் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பதிவாகும் பேச்சில் நாம் சொன்னது ஒரு பங்குதான்; சொன்ன விதம் இன்னொரு பங்கு. குரல் எங்கே ஏறியது, எத்தனை முறை நடுவில் நின்றோம், சிரித்தோமா, எதிராளி பேசும்போதே குறுக்கே புகுந்தோமா என்று மனிதர் யாரும் உட்கார்ந்து கேட்காமலே கணினி எண்ணிச் சொல்லிவிடுகிறது. பேச்சில் சொல்லுக்கு வெளியே வெளிப்படும் இந்தச் சமூகக் குறிப்புகளைத் தானாகவே கண்டறிந்து பொருள் சொல்லும் ஆய்வு கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. இன்றைய பொழிவு அதைப் பற்றியது.

என் முன்னே இரண்டு கேள்விகள் உண்டு. இந்தக் கருவி சரியாகக் கேட்கிறதா என்பது ஒன்று. யாருக்காகக் கேட்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பொறியாளர் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவரும் பதில் சொல்ல வேண்டும்.

1. உம் கொட்டுதல்

பகல் இரண்டு மணி. ஏ ஷிப்ட் இறங்கி பி ஷிப்ட் ஏறும் நேரம். சூப்பர்வைசர் ஒரு தொழிலாளியிடம், "நாளைக்கு நைட்டுக்கு ஆள் இல்லப்பா, நீ வந்துடு" என்கிறார். அவர் "ம்" என்கிறார்.

குரல் சட்டென்று இறங்கி முடிந்தால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். மேலே ஏறி நின்றால் "என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறார். ஏறாமல் இறங்காமல் நீண்டால் வருவார், ஆனால் மனம் இல்லை. நடுவே மூச்சு உடைந்து "ம்ஹூம்" என்று வந்தால் மறுப்பு. அந்த 'ம்'முக்கு முன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி 'த்சு' என்று விடுபட்டால் வீட்டில் ஏதோ சிக்கல். எழுத்தில் பார்த்தால் அத்தனையும் ஏறக்குறைய ஒரு மெய்யெழுத்து. சூப்பர்வைசருக்கோ அரை நொடியில் எல்லாம் புரிந்துவிடும். புரியாதது போல அவர் நடந்துகொள்வது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒரு தவறான கணக்கை ஒதுக்கிவிட்டு மேலே போகிறேன். ஆளுமை வளர்ச்சி வகுப்புகளில் ஒரு சூத்திரம் சொல்வார்கள்: நாம் தெரிவிப்பதில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55. இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறு சோதனைகளிலிருந்து வந்தது. தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிக் காட்டி, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று அவர் கேட்டார். சொல்லும் தொனியும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது கேட்பவர் எதை நம்புகிறார் என்பதே அங்கே அளக்கப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே பின்னர் எழுதினார். சொல்லுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு என்றால் நான் இங்கே நின்று பேச வேண்டியதே இல்லை.

குறிப்புகளை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை என்று தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. சிரிப்பு என்றதும் மகிழ்ச்சி என்று அது முடித்துவிடவில்லை. எள்ளலிலிருந்தும் சிரிப்பு பிறக்கும், அறியாமையிலிருந்தும் பிறக்கும். வெளியே தெரியும் ஒரு குறிக்கு உள்ளே பல காரணங்கள் இருக்கலாம் என்ற இந்த எச்சரிக்கையை இன்றைய மென்பொருள்களில் பல இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2. கருவி எப்படிக் கேட்கிறது

கணினிக்குக் கோபமும் தெரியாது, தயக்கமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றழுத்த மாற்றத்தின் எண்கள். பேச்சை ஏறக்குறைய 25 மில்லிநொடித் துண்டுகளாக, 10 மில்லிநொடிக்கு ஒன்றாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும் குரல்நாண் நொடிக்கு எத்தனை முறை அதிர்ந்தது, ஒலி எவ்வளவு வலுவானது, அந்த வலு தாழ்ந்த அலைவெண்களில் குவிந்ததா உயர்ந்தவற்றில் குவிந்ததா, அதிர்வு சீராக இருந்ததா நடுங்கியதா என்று அளக்கிறது. பிறகு முழு வாக்கியத்துக்கும் சராசரி, ஏற்ற இறக்கம், இடைநிறுத்தங்களின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. ஓப்பன்ஸ்மைல் என்ற மென்பொருளில் புழங்கும் ஒரு தொகுப்பு, ஒரு துண்டுப் பேச்சிலிருந்து 6,373 எண்களை எடுக்கிறது. இதற்கு அடுத்த தலைமுறைக் கருவிகள் எதை அளப்பது என்பதையே பதிவுகளிலிருந்து தாமாகக் கற்றுக்கொள்கின்றன.

அளந்த எண்ணுக்குப் பெயர் வைப்பது மனிதர் வேலை. பலர் உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டு, "இது கோபம், இது சிரிப்பு, இது தயக்கம்" என்று குறிக்கிறார்கள். எந்த எண்களுக்கு எந்தப் பெயர் என்பதைக் கருவி அதிலிருந்து பழகிக்கொள்கிறது. எனவே கருவி கண்டுபிடிப்பது பேசியவரின் மனத்தை அல்ல. குறித்தவர்கள் அந்தக் குரலை எப்படிக் கேட்டார்களோ அதைத்தான். இந்த ஒரு வரியை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

துறையின் வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலெசாந்திரோ வின்சியரெல்லி, மாயா பான்டிச், எர்வே பூர்லார் ஆகியோர் 2009இல் எழுதிய ஆய்வுரை இந்தத் துறைக்கு வரைபடம் போட்டுத் தந்தது. 2013இல் இன்டர்ஸ்பீச் என்ற பேச்சு ஆய்வு மாநாட்டில் ஒரு போட்டி வைத்தார்கள். தொலைபேசி உரையாடல்களிலிருந்து எடுத்த 11 நொடித் துண்டுகள் 2,763. பேசியவர்கள் 120 பேர். எங்கே சிரிப்பு, எங்கே "அ...", "உம்..." போன்ற இழுவை என்று கருவி கண்டுபிடிக்க வேண்டும். அதே போட்டியில் ஸ்விட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி அரசியல் விவாதங்களைக் கொடுத்து, சச்சரவு எவ்வளவு முற்றியிருக்கிறது என்றும் கேட்டார்கள். சிரிப்பைக் கண்டறிவதில் கருவிகள் தேறிவிட்டன. சிரிப்பொலிக்கு ஒரு தாளம் உண்டு என்பது இதற்கு உதவியது: ஏறக்குறைய 75 மில்லிநொடி நீளமுள்ள வெடிப்புகள், 210 மில்லிநொடிக்கு ஒன்றாக. இதை அளந்த ராபர்ட் ப்ரொவைன் இன்னொன்றும் கண்டார். அன்றாடப் பேச்சில் வரும் சிரிப்பில் பெரும்பகுதி நகைச்சுவையே இல்லாத சாதாரண வாக்கியங்களுக்குப் பின்னால் வருகிறது. சிரிப்பு இருக்கிறது என்று சொல்வது எளிது. ஏன் சிரித்தார் என்பது வேறு வித்தை.

3. ரோலிங் மில் குரல்

இனி நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் இன்டக்‌ஷன் பர்னஸ்களும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த பில்லெட், உருளைக்குப் பின் உருளையாக நெருக்கப்பட்டு நீண்டு, ஷியரில் வெட்டுப்பட்டு, குளிரும் மேடையில் தடதடவென்று விழுகிறது. அந்த இரைச்சலில்தான் ஒருவருக்கொருவர் பேசியாக வேண்டும். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவில் இருக்கும். இடைவெளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் ஒன்றைக் குறித்து வைத்தார். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தம்மை அறியாமலே குரலை மாற்றிக்கொள்கிறார்கள். ஒலி கூடுகிறது, குரல்நாண் விரைந்து அதிர்கிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, உயர் அலைவெண்களில் வலு ஏறுகிறது. இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். கோபக் குரலை அளந்து பார்த்தால் என்ன கிடைக்கும்? ஒலி கூடுகிறது, சுருதி ஏறுகிறது, உயர் அலைவெண்களில் வலு கூடுகிறது.

சிக்கல் இப்போது விளங்கியிருக்கும். அமைதியான அறையில் நடிகர்கள் பேசிய பதிவுகளில் கருவியைப் பழக்குகிறார்கள். இந்தத் துறையில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட பெர்லின் தொகுப்பில் பேசியவர்கள் 10 நடிகர்கள். அப்படிப் பழகிய கருவி, மில் வாசலில் நின்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்யும் தொழிலாளியின் குரலைக் கேட்டால், அவர் நிதானமாகத் தன் பாலிசி நம்பரைச் சொன்னாலும், 'கோபக்கார வாடிக்கையாளர்' என்று முத்திரை குத்த எல்லாக் காரணமும் அதற்கு உண்டு. பத்து, பதினைந்து வருடம் இரைச்சலில் நின்று காது மந்தமானவர் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். பின்னணி இரைச்சலை மென்பொருளால் வடிகட்டிவிடலாம். இரைச்சல் குரலுக்குள் ஏற்படுத்திய மாற்றத்தை அப்படி வடிகட்ட முடியாது.

இதற்கு அடியில் இன்னொரு பொதுக் குறையும் கிடக்கிறது. குரலின் ஒலியியல் எண்கள், ஒருவர் எவ்வளவு கிளர்ந்திருக்கிறார் என்பதை நன்றாகக் காட்டும். அந்தக் கிளர்ச்சி நல்லதா கெட்டதா என்பதை அவ்வளவு நன்றாகக் காட்டாது. அதனால்தான் பெருமகிழ்ச்சியும் பெருங்கோபமும் கருவிக்கு அடிக்கடி ஒன்றாகத் தெரிகின்றன. போனஸ் அறிவித்த நாளில் கேட் மீட்டிங்கைப் பதிவு செய்து அப்படிப்பட்ட கருவியிடம் கொடுத்தால், வேலைநிறுத்தம் என்று அது சொன்னாலும் வியப்பதற்கில்லை.

4. யாருடைய மௌனம்?

ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி எவ்வளவு? 2009இல் ஸ்டிவர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பத்து மொழிகளில் கேள்வி பதில்களை அளந்தார்கள். சராசரி இடைவெளி ஏறக்குறைய 200 மில்லிநொடி. ஜப்பானியரிடம் ஏறக்குறைய இடைவெளியே இல்லை. டேனிஷ் மொழியில் கிட்டத்தட்ட அரை நொடி. அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. மொத்த வேறுபாடு சிறியதுதான். ஆனால் கருவி எண்ணுவதும் இதே மில்லிநொடிகளைத்தான். மேலதிகாரி கேட்டால் ஒரு கணம் விட்டு, "சார்..." என்று இழுத்து, அதன் பிறகு பதில் சொல்வது நம்மிடம் மரியாதை. வேறு மொழிக் கணக்கில் பழகிய கருவிக்கு அது தடுமாற்றம், ஏதோ மறைக்கிறார் என்று படலாம். அதேபோல இருவர் ஒரே நேரத்தில் பேசுவதைச் சச்சரவின் அடையாளமாக அந்த ஸ்விஸ் விவாதங்களில் கருவிகள் கற்றன. பொன்னேரி டீக்கடைப் பெஞ்சில் நால்வர் சேர்ந்து பேசுவதைக் கேட்டால் அவை என்ன சொல்லும்?

நம் வட்டாரத்தின் மொழிக் கலவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். எல்லை நெடுகத் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். கான்ட்ராக்டர் அழைத்து வந்த பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் இந்தியும் உடைந்த தமிழும் கலந்து பேசுகிறார்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் இலங்கைத் தமிழ் ஒலிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தயங்கும் முறை வேறு, உம் கொட்டும் முறை வேறு. தனக்குச் சரளமில்லாத மொழியில் பேசுபவர் அடிக்கடி நிற்பார். சொல்லைத் தேடித்தான் நிற்கிறார். உண்மையை மறைக்க நிற்கவில்லை.

தமிழுக்கு முயற்சி இல்லாமல் இல்லை. இலங்கை ஆய்வாளர்கள் 2025இல் எமோத்தா என்ற உணர்ச்சிப் பேச்சுத் தொகுப்பை வெளியிட்டார்கள்: 22 பேர், 19 வாக்கியங்கள், ஐந்து உணர்ச்சிகள், 936 பதிவுகள். பாராட்ட வேண்டிய தொடக்கம். ஆனால் கொடுத்த வாக்கியத்தைக் குறித்த உணர்ச்சியில் பேசிய பதிவு அது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகிறவர் மனைவியிடம் போனில் பேசும் களைப்புக் குரல் அதில் வந்து சேரவில்லை.

5. ஒரு குரலில் இருவர்

இந்தத் துறையின் உலகப் பெயர்களில் ஒருவர் ஸ்ரீகாந்த் நாராயணன். 1988இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து, தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேச்சு ஆய்வகம் நடத்துகிறார். மணவாழ்க்கையில் சிக்கல் கண்ட தம்பதியர் ஆலோசனைக்கு வந்தபோது பதிவான உரையாடல்களில், பழியும் ஏற்பும் குரலில் எப்படித் தெரிகின்றன என்று அவருடைய குழு பகுத்துப் பார்த்தது.

அதே ஆய்வகத்திலிருந்து 2014இல் வந்த ஒரு முடிவை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளை உளவியலாளர் நேரில் பேசி மதிப்பிடும் அமர்வுகளைப் பதிவு செய்து, இருவர் குரலையும் தனித்தனியாக அளந்தார்கள். குழந்தையின் நிலை எவ்வளவு கடுமையானது என்பதைக் குழந்தையின் குரலிலிருந்து கணிக்க முடியுமா என்பதே எதிர்பார்ப்பு. உளவியலாளரின் குரலிலிருந்தும் அதே அளவுக்குக் கணிக்க முடிந்தது. குழந்தைக்குப் பேச்சு கடினமாகும்போது எதிரே இருக்கும் பெரியவர் தம்மை அறியாமலே தம் குரலை மாற்றிக்கொண்டிருந்தார்.

இதன் பொருள் மிகப் பெரிது. குரல் ஒருவருடைய தனிச் சொத்தாக இருப்பதில்லை; எதிரே யார், எப்படிப் பேசுகிறார் என்பதும் அதில் பதிந்திருக்கிறது. தொழிலாளியின் குரலில் பதற்றம் தெரிந்தால் அந்தப் பதற்றத்தில் சூப்பர்வைசரின் அதட்டலும் இருக்கிறது. கால் சென்டர் பெண்ணின் குரல் தளர்ந்தால் அதில் அவர் எடுத்த நூறாவது அழைப்பும், வாடிக்கையாளர் விட்ட வசவும் இருக்கின்றன. ஒருவர் குரலை மட்டும் எடுத்து அளந்து, அவருக்கு மட்டும் மதிப்பெண் போடுவது அறிவியல்படியே அரைகுறை வேலை. நியாயப்படி என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

6. குறிப்பறிதலும் ஒற்றாடலும்

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் வரும் 71ஆவது, அரசனின் உள்ளக் குறிப்பை அமைச்சன் அறிவது பற்றியது. காமத்துப்பாலின் 110ஆவது, காதலர் குறிப்பறிவது பற்றியது. முன்னதில் கீழே நிற்பவன் மேலே இருப்பவனைப் படிக்கிறான். பின்னதில் ஒருவர் மனத்தை ஒருவர் படிக்கிறார்கள். மேலே இருப்பவன் பிறர் அறியாமல் அவர்களைக் கண்காணிப்பதற்கு வள்ளுவர் வேறு தலைப்பு வைத்தார். அது 59ஆவது அதிகாரம், ஒற்றாடல்.

இன்று விற்பனைக்கு வரும் குரல் பகுப்பாய்வில் பெரும்பகுதி எந்த அதிகாரத்தில் சேரும்? பாஸ்டனில் உருவான கோஜிட்டோ என்ற மென்பொருள் கால் சென்டர் ஊழியர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருக்கும். குரல் சோர்ந்தால் திரையில் காபிக் கோப்பைப் படம் காட்டும். பரிவு காட்ட வேண்டிய இடத்தில் இதயப் படம் காட்டும். பிரிட்டனில் அரசு உதவித்தொகை கேட்டுப் போன் செய்பவர் பொய் சொல்கிறாரா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பல ஊர்களில் சோதனை நடத்தினார்கள். பலன் உறுதிப்படாமல் 2010இல் கைவிட்டார்கள். இரண்டிலும் கேட்கப்படுபவர் கீழே இருப்பவர். மேலே இருப்பவரின் குரலை யாரும் அளக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் முகம், குரல் போன்ற உடற்குறிகளைக் கொண்டு ஒருவரின் உணர்ச்சியைக் கருவியால் ஊகிப்பது 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. மீறினால் மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலக விற்றுவரவில் 7 விழுக்காடு வரை அபராதம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படி ஒரு தடை இல்லை. அதன் 7ஆம் பிரிவு, வேலை சார்ந்த நோக்கங்களுக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் தனியாக ஒப்புதல் வாங்காமலே தரவைக் கையாள இடம் தருகிறது. ஐரோப்பிய நிறுவனங்களின் ஆலைகள் திருவள்ளூர் மாவட்டத்திலும் இயங்குகின்றன. ஐரோப்பாவில் உள்ள தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு இங்கே உள்ளவருக்குச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிரேன் ஓட்டுநரின் குரலில் தூக்கக் கலக்கம் தெரிந்தால் எச்சரிப்பது ஓர் உயிரைக் காக்கும். 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 போன்ற சேவைக்கு அழைப்பவரின் மூச்சுத் திணறலைக் கருவி கண்டு சொன்னால் நல்லதே. அங்கும் ஒரு பாடம் இருக்கிறது. கோபன்ஹேகன் அவசர உதவி மையத்தில் அழைப்புகளைக் கேட்டு இதயம் நின்றதைக் கண்டறியும் கருவி, பழைய பதிவுகளில் மனிதரை விட விரைவாகக் கண்டுபிடித்தது. ஆனால் பணியாளருக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டு 2021இல் வெளியான சோதனையில், அவர்கள் கண்டறிவது குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. கருவி கண்டுபிடித்தால் போதாது. கேட்கும் மனிதர் அதை நம்பிச் செயல்பட வேண்டும்.

7. மூவருக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்களுக்கு: வெளிநாட்டுத் தொகுப்பை இறக்கி ஒரு விழுக்காடு துல்லியம் கூட்டுவதை ப்ராஜெக்ட் என்று எண்ணி நின்றுவிடாதீர்கள். இரைச்சலில் பேசும் தமிழை, தமிழ் உரையாடலின் இடைவெளியை, உம் கொட்டும் வகைகளை, பேசுபவரின் சம்மதத்தோடும் உரிய ஊதியத்தோடும் பதிவு செய்யுங்கள். அதைக் குறிப்பவர்களும் அந்தக் குரலோடு வாழ்பவர்களாக இருக்கட்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு: அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் ஒரு ஷரத்தைச் சேர்த்துக் கேளுங்கள். குரலையோ முகத்தையோ கொண்டு உணர்ச்சியை ஊகிக்கும் எந்தக் கருவியும் வேலைக்கு எடுப்பதற்கும், மதிப்பீட்டுக்கும், ஒழுங்கு நடவடிக்கைக்கும் பயன்படக் கூடாது. பாதுகாப்புக்காக வைத்தால் வைத்தது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். பதிவைக் கேட்கவும் தீர்ப்பை மறுக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

நிர்வாகத்தாருக்கு: இந்தக் கருவியை வாங்கும் எண்ணம் இருந்தால், முதல் ஆறு மாதம் அதை மேலாளர் கூட்டங்களில் மட்டும் வைத்துப் பாருங்கள். உங்கள் குரலுக்கு அது கொடுக்கும் மதிப்பெண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்ட உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும் தொழிலாளியிடம் கொண்டுபோங்கள். சம்மதமில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.